ஒரு பக்கம் தீட்டிய முனைகள்

என் வில்லைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் கிழங்குப் பாத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாத்தி இல்லையென்றால் அந்த வில்லை ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகவே வைத்திருந்திருப்பேன். எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து ஓடை தொடங்கும் சரிவில், பதினான்கு வீட்டுக்குப் பதினான்கு துண்டு நிலம். ஒவ்வொன்றும் இரண்டு கார் நிறுத்துகிற அளவுதான். எந்தக் காலத்திலோ ஒரு துரை வாய்ச்சொல்லாகக் கொடுத்தது. காகிதம் கிடையாது. அதில்தான் எங்கள் சக்கரைவள்ளி, இஞ்சி, சௌசௌ, கீரை எல்லாம். நாள் முழுக்க யாருக்கோ வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு, இது என்னுடையது என்று கால் வைக்க ஓர் இடம் வேண்டுமா இல்லையா? எனக்கு அது அந்தச் சரிவு.

அந்தச் சரிவுக்குக் காட்டுப்பன்றி வர ஆரம்பித்தது. கூட்டமாக அல்ல, ஒற்றைப் பன்றி. அதன் குளம்புத் தடம் என் உள்ளங்கை அகலம் இருந்தது. ஒரு வாரத்தில் மூன்று பாத்தியைக் கிளறிப் போட்டது. கிழங்கைத் தின்றதோடு விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாத்தியை ஒட்டியிருந்த இளந்தேயிலையையும் வேரோடு பெயர்த்துவிட்டது. தேயிலையில் கை வைத்தால் துரை சும்மா இருப்பாரா?

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எஸ்டேட் மேனேஜர் துரை வந்து நின்றார். எங்களைவிட வயதில் சின்னவர், பட்டணத்தில் படித்து வந்தவர், கத்திப் பேசத் தெரியாதவர். அதனாலேயே அவர் சொல்வது கூடுதலாக வலிக்கும்.

"பன்னி வர்றதே உங்க கிழங்குக்காகத்தான். கிழங்கு இல்லன்னா பன்னியும் இல்ல. மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் பிடுங்கிடுங்க. அந்த இடத்துல நாத்து மேடை போட்டுடலாம்" என்றார்.

பதினான்கு வீட்டு ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. துப்பாக்கிக்காரர்களைக் கூப்பிட முடியாது. லயம் பக்கத்தில் இருக்கிறது, ரோட்டில் சுற்றுலாக்காரர்கள் நின்று தேயிலையைப் படம் எடுக்கிறார்கள். சுருக்குக் கம்பி வைக்கவும் கூடாது. போன வருஷம் யாரோ வைத்த கம்பியில் ஒரு மாட்டின் கால் போயிற்று. சரி, அப்படியென்றால் வேறு வழியே இல்லையா?

"பன்னிய நான் நிறுத்துறேன் துரை" என்றேன்.

என் கொழுந்தன் பின்னாலிருந்து சிரித்தான். என் வீட்டுக்காரரின் தம்பி, எஸ்டேட் லோரி ஓட்டுகிறவன், எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரன். "அண்ணி வில்ல எடுத்துட்டாங்க லா, பன்னிக்குச் சங்குதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

நான் தொழிற்சாலைப் பட்டறையில் வேலை செய்கிறேன். கொழுந்து வெட்டும் கத்தரிகளைச் சாணை பிடிப்பதும் இயந்திரங்களுக்குப் பட்டை மாற்றுவதும் என் வேலை. பக்கத்து ஊர் கியா பார்மில் ஸ்ட்ராபெரி போடுகிற ஒரு சீனத் தவுக்கே முதலாளிக்குத் தண்ணீர் பம்பு பழுது பார்த்துக் கொடுப்பதும் உண்டு. அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அவருடைய வில்லை நான் வாங்கிக்கொண்டேன். மரத்தில் வளைத்த வில் இல்லை அது. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்து, நாண் அந்தச் சக்கரங்களில் சுற்றி ஓடும் காம்பவுண்ட் வில். திருகாணிகளைத் தளர்த்தி நாணை இழுக்கும் பாரத்தை என் பலத்துக்கு நாற்பத்திரண்டு பவுண்டாக இறக்கினேன். சக்கரத்தில் உள்ள கட்டையை நகர்த்தி என் கை நீளத்துக்கு இழுவையைக் குறைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. போனில் படம் பார்த்து, புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மூன்று வருஷம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பட்டறைக்குப் பின்னால் எய்திருக்கிறேன். காய்கறித் தோட்டத்தில் கூரை போட்டுக் கிழிந்த பிளாஸ்டிக்கை உரச்சாக்கில் திணித்துத் தைத்தால் அருமையான இலக்கு. காலை எட்டி வைத்து நடந்தால் இருபது எட்டு வரும் தூரத்தில் என் அம்புகள் ஒரு டீத்தட்டுக்குள் அடங்கும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

துரை யோசித்தார். பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசினார். எஸ்டேட் பெயரில் வனவிலங்கு இலாகா அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார், கைக்கு வந்துவிடும், அதில் ஆள் பெயர் மட்டும் நிரப்ப வேண்டும். ஆனால் சும்மா எழுத மாட்டார்.

"அக்கா, நீங்க சாக்குல எய்யிறதை நான் பார்த்திருக்கேன். அது வேற. பன்னிக்குப் போடுற பிளேடு முனை போட்டு எய்யணும். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை, எல்லார் முன்னாலயும். மூணு அம்பு, இருபது எட்டு, ஒரு சோத்துத் தட்டுக்குள்ள. ஒண்ணு வெளிய போனாலும் கிழங்கைப் பிடுங்கிடணும். காயம் பட்ட பன்னி லயத்துக்குள்ள ஓடுனா நான்தான் பதில் சொல்லணும்."

அதில் தப்பு சொல்ல முடியாது. "சரி துரை" என்று வந்துவிட்டேன். வந்த பிறகுதான், பதினான்கு வீட்டுப் பாத்தியையும் என் வாயால் பணயம் வைத்துவிட்டேனே ஆண்டவரே என்று இருந்தது.

பழகுவதற்குப் போடுகிற முனை குண்டாக, விரல் நுனி போல மழுங்கியிருக்கும். காற்று அதைக் கண்டுகொள்ளாது. பிளேடு முனை அப்படியல்ல. அம்பின் மூக்கிலேயே ஒரு சின்னச் சிறகு வைத்த கதைதான். பின்னால் இறகு ஒரு பக்கம் இழுக்கும், முன்னால் பிளேடு ஒரு பக்கம் இழுக்கும். வில் கொஞ்சம் கோணலாகத் தள்ளினாலும் குண்டு முனை அதை மறைத்துவிடும், பிளேடு முனை காட்டிக்கொடுத்துவிடும். இருபது எட்டில் ஒரு சாண் விலகும்.

எந்த முனை வாங்குவது என்பதிலேயே சண்டை. கொழுந்தன் தன் போனில் ஒரு முனையைக் காட்டினான். பறக்கும்போது பிளேடுகள் மடங்கிக்கொள்ளும், பட்டதும் விரியும்.

"இத வாங்குங்க அண்ணி. குண்டு முனை மாதிரியே பறக்குமாம். வில்ல டியூன் பண்ற தலைவலியே இல்ல. மூணும் தட்டுக்குள்ள போயிடும், ஜோலி முடிஞ்சுது."

"தட்டுக்குள்ள போயிடும் தம்பி. பன்னிக்குள்ள போகுமா?"

"ஏன் போகாது?"

"அது விரியுறதுக்கே பாதி பலத்தைத் தின்னுடும். என் வில்லு நாப்பத்திரண்டு பவுண்டு. மீதி பலத்துல பன்னித் தோளுக்குள்ள எவ்ளோ தூரம் போகும்? தோல்ல குத்திட்டு நிக்கும். அப்புறம் அந்தப் பன்னி உன் லோரிக்கு அடியிலதான் வந்து படுக்கும், நீ போய்ப் பேசிக்க."

ஆண் பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் கெட்டியான கேடயம் ஒன்று இருக்கிறது. அறுத்தவர்களுக்குத் தெரியும், கத்தியே வழுக்கும். என் பலத்துக்கு ஏற்றது அசையாத இரண்டு பிளேடு முனைதான். நுனியிலிருந்தே வெட்டிக்கொண்டு போகும். கனமும் கொஞ்சம் கூட வேண்டும். டியூன் செய்வது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கஷ்டம் என்பதற்காகவா ஒரு மிருகத்தைப் பாதி உயிரோடு ஓட விடுவது? துரையின் தட்டை ஏமாற்றலாம், அதற்குப் பிறகு சரிவில் நிற்கப் போவது நான்தானே. நான்கு முனை வரவழைத்தேன்.

வந்ததும் விரலில் தடவிப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. கடைத் தீட்டல், மொண்ணை. இந்த எஸ்டேட்டில் ஒரு கத்தரி கொழுந்தைக் கசக்காமல் வெட்டுகிறது என்றால் அது என் கை சாணை பிடித்தது. எனக்கா தீட்டத் தெரியாது? ஒரு முனையைக் கொழுந்தன் டீக்கடையில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான், கேலி செய்யத்தான். மீதி மூன்றையும் பட்டறையில் உட்கார்ந்து கல்லில் வைத்து அன்று சாயங்காலமே தீட்டி முடித்தேன். முன்கை முடியில் வைத்தால் மழித்தது. உச்சி குளிர்ந்துபோயிற்று.

முதல் ஞாயிறு எய்தேன். குண்டு முனை நடுவில். அதே வில், அதே அம்பு, பிளேடு முனையை மாட்டியதும் முதலாவது ஒரு சாண் இடது. இரண்டாவது வலது, கீழே. மூன்றாவது சாக்கையே தொடாமல் மண் மேட்டில் போய்ச் செருகியது. கொழுந்தன் அங்கேதான் நின்றான். ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, வில்லை டியூன் செய்வோம் என்று உட்கார்ந்தேன். தேயிலைத் தூள் கட்டும் பழுப்புக் காகிதத்தை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு எட்டு தூரத்தில் நின்று அதன் ஊடே எய்வது. அம்பு நேராகப் போனால் காகிதத்தில் ஒரே பொட்டு விழும், மூன்று இறகும் சுற்றி அழகாகக் கீறும். வால் ஆடிக்கொண்டு போனால் காகிதம் நீளமாகக் கிழியும். எனக்கு மேல்பக்கம் கிழிந்தது. அம்பு உட்காரும் தாங்கியைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். கொஞ்சம் என்றால் ஒரு நகத்தின் கனம்கூட இல்லை. கிழிசல் சின்னதாயிற்று. இன்னும் கொஞ்சம். பிறகு பக்கவாட்டில். இரண்டு நாள் சாயங்காலம் இதே வேலை. மூன்றாம் நாள் காகிதத்தில் ஒரே பொட்டு விழுந்தது. பட்டறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

பிளேடு முனையை மாட்டி எய்தேன். மறுபடியும் மூன்று அம்பும் மூன்று திசை.

எனக்குப் புரியவில்லை. பிளேடு முனை குண்டு முனைக்கு இடது பக்கம் போனால் தாங்கியை வலது பக்கம் தள்ள வேண்டும், வலது பக்கம் போனால் இடது. இது எனக்குத் தெரியும். ஆனால் என் அம்புகள் ஒரு பக்கம் போகவில்லையே. இன்று இடது, நாளை கீழ், அடுத்தது எங்கே என்று அம்புக்கே தெரியாது. நான் தாங்கியைத் தள்ளித் தள்ளி, நன்றாக இருந்த வில்லையும் கெடுத்தேன். காகிதம் மறுபடி கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து சரி செய்தேன். இழுத்து இழுத்துத் தோள் பழுத்துப்போய்விட்டது. என் வீட்டுக்காரருக்குக் கம்போங் ராஜா ஊரில் காய்கறி ஏற்றும் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வீடு வருவார். அந்த வாரம் வந்தவர் தைலத்தை எடுத்துத் தோளில் தேய்த்துவிட்டு, "நிறுத்திடேன்" என்றார். "நீங்களும் ஆரம்பிக்காதீங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன், எழுந்து வெளியே போய் நின்றார்.

மறுநாள் காலை நான்காவது வீட்டு அக்கா கிழங்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். விரல் பருமன்கூட ஆகாத கிழங்கு. கூடையில் அதைப் பார்த்ததும் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன்கா, இன்னும் நாளு இருக்குல்ல?"

"உன்னைக் குத்தம் சொல்லல. எப்படியும் போகப்போவுது, பன்னி தின்னுறதுக்கு முன்னாடி நாமளே தின்னுடலாம்னுதான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவள் தன்மையாகச் சொன்னாள். என்னை யாரும் நம்பவில்லை என்பது அந்தக் கூடையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் கொழுந்தன் பட்டறை வாசலில் லோரியை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் போட்டான். டீக்கடைக்குக் கொண்டுபோன நான்காவது முனை.

"இந்தாங்க அண்ணி, உங்க அலங்காரச் சாமான். பார்த்தவன் எல்லாம் காது குத்தவான்னு கேட்டான்."

"வச்சுட்டுப் போ."

அவன் போனதும், போகிற போக்கில் அதை ஓர் அம்பில் மாட்டி எய்தேன். தீட்டக்கூட இல்லை, கடையிலிருந்து வந்தபடியே மொண்ணை. அது குண்டு முனை போட்ட அம்புக்குப் பக்கத்தில், இறகு உரச, போய்ச் செருகியது. குருட்டு அதிர்ஷ்டம் என்று மறுபடி எய்தேன். அதே இடம். ஐந்து தடவை எய்தேன். ஐந்தும் அதே இடம். அப்படியென்றால் வில் சரி. அம்பு சரி. என் கையும் சரி. கெட்டது எது?

நான்கு முனையையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கொழுந்து வெட்டும் கத்தரியை ஒரு பக்கம்தான் தீட்டுவோம். இரண்டு அலகும் உரசிக்கொள்ளும் பக்கத்தில் கல்லே படக் கூடாது, அது பளிங்கு போலத் தட்டையாக இருந்தால்தான் இலை கசங்காது. வெளிப்பக்கம் மட்டும் சரிவு. இருபது வருஷமாக என் கை அதைத்தான் செய்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் அதைத்தான் செய்யும். அந்தக் கை அம்பு முனையையும் கத்தரி என்றே நினைத்துவிட்டது. ஒரு முகத்தைத் தொடாமல் விட்டு, மறு முகத்தில் இரண்டு ஓரத்தையும் சரித்து வைத்திருக்கிறேன். கடையிலிருந்து வந்த முனையில் இரு முகத்திலும் சம சரிவு. என்னுடையதில் ஒரு பக்கம் கடைச் சரிவு அப்படியே, மறு பக்கம் மட்டும் ஆழச் சரிவு. காற்று அதைப் பிடித்து இழுக்காமல் என்ன செய்யும்? அம்பு சுழல்வதால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒரு கணக்கும் இல்லை. எந்தக் கையைப் பற்றிப் பெருமை பேசினேனோ அந்தக் கைதான் பதினோரு நாளைத் தின்றிருக்கிறது. வில்லைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்குத் திட்டிக்கொண்டேன், நன்றாக, வாய்விட்டு.

பிறகு தீட்டினேன். ஒரு பக்கம் பத்து இழுப்பு என்றால் மறு பக்கமும் பத்து. கோணம் தவறாமல் இருக்க முனையைப் பிடிக்க ஒரு மரக்கட்டையில் காடி வெட்டிக்கொண்டேன். கை பழைய வழக்கத்துக்கு ஓடப் பார்த்தது, வாயால் எண்ணிக்கொண்டே இழுத்தேன். தீட்டிய பிறகு ஒவ்வோர் அம்பையும் முனை கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்திப் பம்பரம் போலச் சுழற்றிப் பார்த்தேன். முனையும் தண்டும் சேருகிற இடம் ஆடினால் முனை கோணல். ஒன்று ஆடியது, தண்டின் வெட்டு நுனியை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்தேன். கடைசியில் எல்லாம் சேர்ந்து விரற்கடை அளவு இடது போயிற்று. இடது, ஒரே இடது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தானே மருந்து தெரியும். தாங்கியை ஒரு மயிரிழை வலது பக்கம் தள்ளினேன். பிளேடு முனையும் குண்டு முனையும் ஒரே இடத்தில் நின்றன.

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் சபைக்குப் போன உடுப்போடே பட்டறைக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். துரை ஒரு பீங்கான் தட்டைக் காகிதத்தில் வைத்து வட்டம் போட்டு, தானே போய்ச் சாக்கில் குத்தினார். பின்னால் மண் மேடு, அந்தப் பக்கம் யாரும் போகாதபடி கயிறு கட்டியிருந்தது. முதல் அம்பு வட்டத்துக்குள். இரண்டாவது அதற்கு இரண்டு விரல் தள்ளி. மூன்றாவதை இழுக்கும்போது நான்காவது வீட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் மேல் எனக்கு அப்போது எவ்வளவு பிரியம் வந்தது தெரியுமா? விட்டேன். மூன்றும் ஒரு கைப்பிடிக்குள்.

பெண்கள் கத்திய கத்தலில் தேயிலையிலிருந்து குருவிகள் எழுந்து பறந்தன. துரையும் சிரித்தார். பையிலிருந்து இலாகா அனுமதிக் காகிதத்தை எடுத்தார். எடுத்துக்கொண்டு என்னிடம் வரவில்லை. கொழுந்தனிடம் போனார்.

"உங்க ஐசி, அடையாளக் கார்டு நம்பர் சொல்லுங்க. அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பொம்பள ஆளு தனியாப் பன்னிக்கு உக்காந்தாங்கன்னு மேல கேட்டா எனக்குப் பிரச்சனை. வில்லு ரெடியாயிடுச்சுல்ல? அத இவர்கிட்ட கொடுத்துடுங்க. அவர் எய்யட்டும்."

அப்போது எனக்கு வந்த கோபத்தை எந்தச் சொல்லில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் கோபத்தில்தான். கொழுந்தனுடைய முகத்தைப் பார்த்தேன். அவனுக்கே கூச்சமாக இருந்தது, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"தாராளமா கொடுக்குறேன் துரை. எனக்கு வச்ச மூணு அம்பு அவனுக்கு வேணாம். ஒண்ணே ஒண்ணு போதும். தட்டுக்குள்ள போனா அவன் பேரையே எழுதுங்க. நான் இனி வில்லத் தொடல" என்றேன்.

கொழுந்தன் மறுத்தான். எல்லோரும் அவனையே பார்க்க, வேறு வழியில்லாமல் வாங்கினான். பலமான ஆள், நாற்பத்திரண்டு பவுண்டு அவனுக்குப் பஞ்சு. இழுத்தான். ஆனால் என் கைக்கு அளந்த நாண் அவன் கன்னத்துக்கு வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. அவன் கழுத்தை முன்னால் நீட்டினான், தலையைச் சாய்த்தான், நாணில் உள்ள பார்வைத் துளையில் கண் வைக்கக் குனிந்தான். நாண் அவன் முழங்கையை ஓங்கி அறைந்தது. அம்பு சாக்குக்கு மேலே ஒரு கை உயரத்தில் பறந்து மண் மேட்டில் இறகு வரை புதைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

"வில்லு ரெடின்னு சொன்னீங்க துரை. அது எனக்கு ரெடி. என் தோளுக்கு, என் கன்னத்துக்கு, நான் நிக்கிற நிலைக்கு. அவனுக்கு ஆகணும்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கு வேண்டியது ஆம்பள பேரா, பன்னி நிக்கிறதா?"

கொழுந்தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணி பேர எழுதுங்க துரை. நான் லோரி ஓட்டுறவன்" என்றான். அன்றைக்கு அவனை மன்னித்தேன். முழுக்க அல்ல, முக்கால்வாசி.

துரை என் பெயரை எழுதினார். கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓடைக்கு இந்தப் பக்கம், காற்று என் முகத்தில் அடிக்கிற இடமாகப் பார்த்து, தரையிலிருந்து ஆள் உயரத்தில் பலகை கட்டி உட்கார்ந்தேன். வெளிச்சம் இருக்கும் வரைதான், மங்கினால் இறங்கிவிடுவேன். நான்காம் நாள் சாயங்காலம் பன்றி வந்தது. அடேயப்பா, அவ்வளவு பெரிய உருவம் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு கிளறியது. நேர் முகத்தில் எய்யக் கூடாது, மண்டையில் பட்டு வழுக்கும். என் கண் முன்னாலேயே என் கிழங்கைத் தின்றது. நான் அம்பை விடவில்லை. திரும்பாமலேயே போய்விட்டது. அன்றைக்கு லயத்தில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. "பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா போனே?" என்றார்கள். ஆமாம், உட்கார்ந்திருக்கத்தான் போனேன். எய்வது அதில் கடைசி வேலை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி வந்தது. இந்த முறை பக்கவாட்டில் நின்றது, முன்னங்காலை ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. பதினைந்து எட்டுகூட இருக்காது. காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பைப் பார்த்து அம்பை விட்டேன். அம்பு அந்தப் பக்கம் வெளியே வந்து மண்ணில் குத்தி நின்றது. பன்றி ஓடைக்கரை வரை ஓடி, முழங்கால் மடங்கி விழுந்தது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது வலியில் கத்தவில்லை, லயத்துக்குள் ஓடவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பதினோரு நாள் என் தோள் பழுத்தது. கையை இப்படியும் அப்படியும் சமமாகத் தீட்ட வைத்ததற்காக ஆண்டவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னேன்.

மாதக் கடைசி நாளில் துரை சரிவுக்கு வந்தார். பதினான்கு பாத்தியையும் சுற்றி நடந்தார். புதிதாகக் கிளறிய தடம் ஒன்றும் இல்லை. பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாத்தியில் நின்றுகொண்டு அவர் வாயையே பார்த்தோம்.

"சரி. இந்த வருஷம் மட்டும் இருக்கட்டும். அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார்.

"நன்றி துரை" என்று நான்காவது வீட்டு அக்கா கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். நாற்று விற்கிற கடையில் பதினான்கு அவக்காடோ கன்றுகள் வாங்கி, கூடையில் கட்டிக்கொண்டு வந்து, பாத்திக்கு ஒன்றாக நட்டேன். அது காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும்.